பதினான்கு மாதக் குழந்தையின் கரகரப்பு: தொய்வா, நாடி வளையமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 14 மாதம், எடை 8.2 கிலோ. பிறந்த நாள் முதல் மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. முதலில் சளி என்றார்கள், பிறகு தொய்வு என்று ஸ்பேசரில் பஃப் தந்தார்கள். நெபுலைசர் வைத்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சோறு ஊட்டத் தொடங்கிய பிறகு அடிக்கடி புரையேறுகிறது, வாந்தி எடுக்கிறான். இரண்டு தரம் நியூமோனியாவுக்கு வார்டில் இருந்தோம். இரண்டாவது தரம் எக்ஸ்றேயும் எக்கோவும் பார்த்துவிட்டு, "பெருநாடி வலப்பக்கமாக வளைகிறது, நாடி வளையம் இருக்கலாம்" என்று எழுதி, சிடி அஞ்சியோ (சாயம் ஏற்றி நாடிகளைப் படமெடுப்பது) எடுக்கச் சொன்னார்கள். இதயம் நல்லது என்கிறார்கள், ஆனால் இதயச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புகிறார்கள். வளர வளரச் சரிவராதா? சிடி கதிர் பிள்ளைக்குக் கூடாதே? சொந்தக்காரர்கள் சென்னைக்குக் கொண்டு போகச் சொல்கிறார்கள். நானும் கணவரும் மச்சான் மச்சாள் முறை, அதனால் வந்ததா? மூன்றாம் மாதத்தில் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் குடித்தேன், அதுவா காரணம்? இன்னொரு பிள்ளை பெறலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. சத்தம் பிறந்த நாள் முதலே இருக்கிறது. பஃப் எடுபடவில்லை. கட்டியான சாப்பாடு தொடங்கியதும் விழுங்கச் சிரமப்படுகிறான். தொய்வு பிறந்த நாளில் தொடங்குவதில்லை, விழுங்குவதையும் அது தடுப்பதில்லை. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஏதோ ஒன்று வெளியிலிருந்து சேர்த்து அழுத்துகிறது என்றுதான் இவற்றைப் பார்க்கும் குழந்தை வைத்தியர் நினைப்பார். இரத்த நாடிகள் இந்த இரண்டு குழாய்களையும் இப்படிச் சுற்றி வளைத்துக்கொள்வதுதான் நாடி வளையம். முதலில் தொய்வு என்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓபீடி வரிசையில் வரும் கரகரப்புகளில் பெரும்பாலானவை உண்மையில் சளியும் தொய்வும்தான். நாடி வளையம் பிறவி இதயக் கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் நூற்றில் ஒன்று அளவுதான்.

"இதயம் நல்லது" என்பதும் சரி, இதயச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பியதும் சரி. இதயத்தின் அறைகளிலோ வால்வுகளிலோ கோளாறு இல்லை. அதிலிருந்து புறப்படும் பெரிய நாடி போகும் வழிதான் மாறியிருக்கிறது. அந்தப் பெரிய நாடிகளைக் கையாளுகிறவர்கள் இதயச் சத்திரசிகிச்சைக்காரர்கள்தான்.

வழி எப்படி மாறுகிறது? கரு உண்டாகி நான்காவது வாரத்திலிருந்து கழுத்துப் பகுதியில் இரு பக்கமும் சோடி சோடியாக நாடி வளைவுகள் தோன்றி, சில நிலைத்து, சில மறைகின்றன. நான்காவது சோடியில் இடது வளைவு பெருநாடி வளைவாக நிலைக்கும். வலது பக்கத்தில் முன்பகுதி மட்டும் வலக்கைக்குப் போகும் நாடியின் தொடக்கமாக மிஞ்சி, பின்பகுதி கரைந்துவிடும். கரைய வேண்டியது கரையாமல் இரு பக்கமும் நிலைத்தால் இரட்டைப் பெருநாடி வளைவு. ஒன்று மூச்சுக்குழாயின் வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் போய்ப் பின்னால் சேர்ந்துகொள்ளும். மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் நடுவில் அகப்படும். நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட வலது வளைவுதான் பெரிதாக இருக்கும். இந்தக் குழந்தைகள் முதல் சில மாதங்களிலேயே கடுமையாகச் சிரமப்பட்டுப் பிடிபட்டுவிடுவார்கள்.

உங்கள் மகனுடைய கதையும் வயதும் இன்னொரு வகைக்கு நன்றாகப் பொருந்துகின்றன. இடது வளைவு கரைந்து வலது வளைவு நிலைத்துவிடுகிறது. அப்போது இடக்கைக்குப் போக வேண்டிய சப்கிளேவியன் நாடி வளைவின் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு, உணவுக்குழாய்க்குப் பின்னால் குறுக்கே போய் இடப்பக்கம் சேரும். அது புறப்படும் இடம் சில வேளை பை மாதிரி வீங்கியிருக்கும். 1936இல் அதை விவரித்த ஜெர்மானியக் கதிரியக்க வைத்தியரின் பெயரால் கொம்மரல் பை என்பார்கள். சிடி றிப்போர்ட்டில் இந்தப் பெயர் வந்தால் அது புது நோய் அல்ல. இவ்வளவோடு வளையம் மூடுவதில்லை. மூடுவது ஒரு நார். கருவில் நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் டக்டஸ் என்ற குழாய், பிறந்த பிறகு சுருங்கி நாராகிவிடும். அந்த நார் இடப்பக்கத்தில், கொம்மரல் பைக்கும் இடது நுரையீரல் நாடிக்கும் இடையே கட்டியிருந்தால் சுற்று முடிகிறது. முன்னால் பெரிய நாடிகள், வலப்பக்கம் வளைவு, பின்னால் பை, இடப்பக்கம் நார்.

ஆகவே "வலப்பக்கப் பெருநாடி" என்ற வரியை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஆயிரத்தில் ஒருவருக்குப் பெருநாடி வலப்பக்கம்தான் வளைகிறது, அவர்களில் பலர் அது தெரியாமலே வாழ்கிறார்கள். கிளைகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறி, நார் முன்பக்கத்தில் அமைந்தால் வளையம் மூடுவதில்லை. ஆனால் அந்த அமைப்புள்ள குழந்தைகளுக்கு ஃபலோ நான்கு கோளாறு போன்ற இதயப் பிரச்சினை சேர்ந்து வருவது அதிகம். உங்கள் மகனுடைய எக்கோ அதை இல்லை என்று சொல்லிவிட்டது. இனி எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டே இரண்டு: வளையம் முழுதாக மூடியிருக்கிறதா? மூச்சுக்குழாய் எந்த இடத்தில், எவ்வளவு நசுங்கியிருக்கிறது? நோய்க்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பது இவற்றுக்குப் பிறகு.

இணையத்தில் தேடியிருப்பீர்கள், வேறு பெயர்களும் கண்ணில் பட்டிருக்கும். வலக்கை நாடி மட்டும் கடைசிக் கிளையாகப் புறப்பட்டு உணவுக்குழாய்க்குப் பின்னால் போவது நூற்றுக்கு ஒருவர் அளவில் காணப்படுகிறது. அது மூடாத வளையம், பெரும்பாலும் தொந்தரவு தராது. 1794இல் டேவிட் பேஃபோர்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர், நெடுங்காலம் விழுங்க முடியாமல் இருந்த ஒரு பெண்ணின் உடலில் இதைக் கண்டு எழுதினார். இடது நுரையீரல் நாடி வலது நாடியிலிருந்து புறப்பட்டு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே புகுந்து போவது தூக்கு நாடி. இதில் மூச்சுக்குழாயே பிறவியில் ஒடுங்கியிருப்பது சாதாரணம், சிகிச்சையும் பெரியது. பெருநாடி ஒடுக்கம், அறுந்த பெருநாடி வளைவு என்பவை வேறு குடும்பம். அங்கே மூச்சுக்குழாய் நசுங்குவதில்லை, உடலின் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் போவது தடைப்படுகிறது. தொடை மடிப்பில் நாடித்துடிப்பு குறைவதும், வலக்கையை விடக் காலில் இரத்த அழுத்தம் 20 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருப்பதும் அதன் அடையாளங்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பக்கங்களை வாசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பஃப் ஏன் எடுபடவில்லை? பஃபில் உள்ள சல்பியூட்டமோல் சிறிய சுவாசக் குழாய்களைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. இங்கே தடை பெரிய குழாயில், அதுவும் வெளியிலிருந்து வருகிறது. தளர்த்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மூச்சுக்குழாயின் பின்சுவரில் குருத்தெலும்பு கிடையாது, மென்மையான தசைதான். அதைத் தளர்த்தினால் சில குழந்தைகளுக்குச் சத்தம் கூடவும் செய்யும். உணவு ஊட்டும்போது புரையேறுவதற்கும் அந்தப் பின்சுவர்தான் காரணம். வளையத்துக்குள் இடம் கொஞ்சம். கட்டியான கவளம் உணவுக்குழாயில் இறங்கும்போது அது முன்பக்கமாகப் புடைத்து மூச்சுக்குழாயின் பின்சுவரை உள்ளே தள்ளுகிறது. சில குழந்தைகளுக்கு அந்த நேரம் மூச்சே சில விநாடிகள் நின்றுவிடும். சளி பிடித்தால் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. காற்று ஒழுங்காக ஓடும் ஒரு குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். உள்விட்டம் 4 மில்லிமீற்றர் உள்ள குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்கினாலே அது நடந்துவிடும். அதற்காகத் தொய்வு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. இன்ஹேலரில் ஸ்டீரொயிட் இருந்தால் அதை எப்போது, எப்படிக் குறைப்பது என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, மார்பும் கழுத்தும் தெரிய, அரை நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். நித்திரையில் ஒன்று, அழும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. தொய்வின் இழுப்பு பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது விசிலடிப்பது போல வரும். வளையத்தின் சத்தம் உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் முரட்டுத்தனமாகக் கேட்கும், இருமல் உலோகத்தைத் தட்டியது போலக் கணீரென்று இருக்கும். பிள்ளை கிளினிக்கில் அமைதியாக நித்திரை கொள்ளும் நாளில் இந்த வீடியோ பெரிய உதவி.

இனிப் பரிசோதனைகள். எக்ஸ்றேயில் பெருநாடியின் குமிழ் இடப்பக்கத்தில் இல்லாததும், மூச்சுக்குழாயின் வலப்பக்கத்தில் பள்ளம் விழுந்திருப்பதும் தெரியும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் மூச்சுக்குழாய் ஒடுங்கியது தெரியும். பேரியம் குடிக்கக் கொடுத்து எடுக்கும் படத்தில் உணவுக்குழாயின் பின்புறம் அமுங்கியிருந்தால் வளையம், முன்புறம் அமுங்கியிருந்தால் தூக்கு நாடி என்று ஊகிக்கலாம். சிடி கிடைக்குமென்றால் பேரியத்துக்காகத் தனியாக நாள் எடுக்கத் தேவையில்லை. எக்கோ இரத்தம் ஓடும் இடத்தைத்தான் நன்றாகக் காட்டும். இரத்தம் ஓடாத நாரும், அடைபட்டுப்போன வளைவின் மிச்சமும் அதில் தெரியாது. அதனால்தான் "இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். இது தயக்கத்தின் வார்த்தை அல்ல, எக்கோவின் எல்லை அவ்வளவுதான். சிடியிலும் நார் நேராகத் தெரியாமல் போகலாம். ஆனால் கொம்மரல் பை, கிளைகள் புறப்படும் ஒழுங்கு, நாடிகள் இழுபட்டிருக்கும் திசை ஆகியவற்றை வைத்து அது எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மூச்சுக்குழாய் ஒடுங்கிய இடத்தை மில்லிமீற்றர் கணக்கில் அளக்கவும் முடியும். சத்திரசிகிச்சைக்கு எந்தப் பக்கத்தால் போவது என்பதை முடிவு செய்வது இந்தப் படம்தான்.

கதிரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் புதிய இயந்திரத்தில், குழந்தைக்கென்று அளவு குறைத்து எடுத்தால், ஒரு தடவைக்கு வழக்கமாக ஓரிரண்டு மில்லிசீவெட்டு அளவில் முடியும். உலக சராசரியாக ஒரு மனிதன் இயற்கையிலிருந்தே வருடத்துக்கு வாங்கும் கதிர் 2.4 மில்லிசீவெட்டு. ஒரு தடவை ஒழுங்காக எடுத்து முடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது, அசைந்ததால் கெட்டுப்போன படத்தைத் திரும்ப எடுப்பது. எம்ஆர்ஐயில் கதிர் இல்லை, ஆனால் நேரம் அதிகம், இந்த வயதுக்கு அநேகமாக மயக்கமும் கொடுக்க வேண்டும். மூச்சுக்குழாய் நசுங்கிய பிள்ளைக்கு மயக்கம்தான் கூடுதல் ஆபத்து.

சிடிக்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். நாளத்தில் ஏற்றும் அயடின் சாயம் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிலீற்றர், உங்கள் மகனுக்கு 16 மில்லிலீற்றருக்கு மேல் போகாது. மயக்கமோ நித்திரை மருந்தோ கொடுப்பதாக இருந்தால் சாப்பாடும் மாப்பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம். தெளிந்த தண்ணீருக்கு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை நேரம் மாறும், அங்கே சொல்வதையே பின்பற்றுங்கள். பயத்தில் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி போடாதீர்கள். நீர் வற்றிய பிள்ளைக்கு ஊசி ஏற்ற நாளம் அகப்படாது. அரச வைத்தியசாலையில் திகதி தள்ளிப்போய்த் தனியாரில் எடுக்க நினைத்தால், பணம் கட்டுமுன் ஒரு கேள்வி: குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் வைத்தியர் படம் எடுக்கும் நேரம் முழுவதும் அறையில் இருப்பாரா? இல்லையென்றால் வேண்டாம். முதுகில் படுக்கவைத்து நித்திரை மருந்து கொடுக்கும்போதுதான் இந்தப் பிள்ளைகளின் மூச்சு அடைபடும். படம் எடுத்ததும் இறுவட்டில் (CD) முழுப் படத் தொகுப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிலிம் தாளையும் றிப்போர்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் திட்டம் போட மாட்டார்.

வளர வளரச் சரிவருமா? வளையம் மூடாமல் இருந்தால் வரலாம். மூடியிருந்தால் வராது. பிள்ளையோடு நாடியும் தடிக்கும், நார் நீளாது. மருந்தால் கரைக்கவும் முடியாது. அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளையில் பார்த்துக்கொண்டிருப்பதா வெட்டுவதா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மகன் அந்த ரகம் அல்ல. இரண்டு நியூமோனியா வந்துவிட்டது, விழுங்கச் சிரமம் இருக்கிறது. எடையும் 8.2 கிலோ. ஆண் குழந்தைக்கு 14 மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நடு அளவு ஏறத்தாழ 10 கிலோ, கீழ் எல்லைக் கோடு 8.1. கிளினிக் புத்தகத்தின் வளர்ச்சிக் கோட்டைத் திறந்து பாருங்கள். ஆறு மாதம் வரை மேலே போன கோடு சோறு தொடங்கிய பிறகு படுத்திருந்தால், அந்தப் பக்கத்தையே நிபுணரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது பலமாகப் பேசும். எங்கள் அபிப்பிராயம்: சிடி வளையத்தை உறுதிசெய்தால் சத்திரசிகிச்சைத் திகதியைக் கேட்டு வாங்குங்கள். இரவோடிரவாகச் செய்ய வேண்டிய அவசரம் இல்லை, "இரண்டு வயது வரட்டும்" என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

சத்திரசிகிச்சை என்றதும் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, இயந்திரத்தில் போடுவதாக நினைப்பீர்கள். தூக்கு நாடிக்கு அநேகமாக அப்படித்தான். உங்கள் மகனுடைய வகைக்குப் பொதுவாகத் தேவையில்லை. இடப்பக்கம், தோள்பட்டை எலும்பின் கீழே, நான்காவது விலா இடைவெளி வழியாக உள்ளே போவார்கள். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். நாரை இரண்டு முனையும் கட்டித் தைத்து நடுவே வெட்டுவார்கள். இரட்டை வளைவாக இருந்தால் சிறிய வளைவைப் பிரிப்பார்கள். பிரிக்குமுன் அந்த இடத்தைக் கவ்வியால் பிடித்து, இரண்டு கைகளிலும் கழுத்திலும் காலிலும் துடிப்பு குறையவில்லையா என்று பார்ப்பது கட்டாயமான படி. பிறகு உணவுக்குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் இழைகளையும் விடுவிக்க வேண்டும். அதை அரைகுறையாக விட்டால் நெருக்கம் மிஞ்சும். கொம்மரல் பை பெரிதாக இருந்தால் அதை வெட்டி எடுத்து, இடக்கை நாடியைக் கழுத்து நாடியில் பொருத்துகிறார்கள். பையை விட்டுவைத்தால் அதுவே பின்னாலிருந்து தொடர்ந்து அழுத்தலாம், பெரியவரானபின் விரிந்து தொல்லை தரவும் கூடும். எல்லோருக்கும் இது தேவையில்லை. ஆனால் "பையை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூடிய வளையத்தை வெட்டி விடுவிக்கும் முறை 1945இல் பொஸ்டனில் ரொபேர்ட் குரோஸ் செய்துகாட்டியது. இன்று குழந்தை இதயச் சத்திரசிகிச்சையில் ஆபத்துக் குறைந்தவற்றில் இது ஒன்று.

ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. குரல்வளைக்குப் போகும் நரம்பு அந்த நாரைச் சுற்றித்தான் போகிறது. அது இழுபட்டால் குரல் கம்மும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும், பெரும்பாலும் மாதங்களில் தேறும். கொழுப்பைக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாயும் பக்கத்திலேயே இருக்கிறது. பால் குடிக்கத் தொடங்கியதும் மார்புக் குழாயில் வரும் நீர் வெள்ளையாக மாறினால் அதில் கசிவு. சில வாரங்கள் சாதாரணக் கொழுப்பை நிறுத்தி, நடுச்சங்கிலிக் கொழுப்புள்ள விசேட பால் மட்டும் கொடுத்தால் அநேகமாக அடங்கும். அந்த நாட்களில் வார்டுக்கு வரும் பாட்டி அன்பாக ஒரு கரண்டி பட்டர் ஊட்டினாலும் போதும், கசிவு திரும்பவும் ஓடும்.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது வேறு ஓரிடத்தில். வெட்டிய அன்றே சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிற்காது. மாதக்கணக்கில் மேசைக்கால் ஏறி நின்ற தோட்டக் குழாய், மேசையை நகர்த்தியதும் உருண்டைக்கு வராது. அதுபோல நசுங்கிக் கிடந்த இடத்தின் குருத்தெலும்பு மென்மையாகவே இருக்கும், மூச்சு விடும்போது மடியும். விழுங்குவது சில நாட்களில் தேறும். கரகரப்பு அடங்கப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். பார்க்க வேண்டியது திசையை: எடை ஏறுகிறதா, சளி பிடித்தால் முன்பு போல வார்டு வரை போகிறதா? இவை தேறிக்கொண்டிருந்தால் சத்தத்துக்காகக் கலங்க வேண்டாம். தேறவில்லையென்றால் கமராக் குழாய் விட்டு மூச்சுக்குழாயை உள்ளே பார்ப்பார்கள்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? கட்டியைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மூன்று நேரச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். சோற்றையும் பருப்பையும் நன்றாகக் குழைத்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் கொடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தேங்காய் எண்ணெய்த் துளியோ பட்டரோ சேர்ந்தால் அளவு கூடாமலே சத்து ஏறும் (சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிணநீர் கசிந்தால் இது நேர்மாறாகும், மறக்க வேண்டாம்). இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவைத்துப் பிசைந்தால் பரவாயில்லை. உலர்ந்த பிட்டு, பாண் துண்டு, இறைச்சி இப்போதைக்கு வேண்டாம். கச்சான், முழுத் திராட்சை, றம்புட்டான் மூன்றும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. நிமிர்த்தி இருத்தி ஊட்டுங்கள். அவன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டால் அதைத் திருத்தாதீர்கள். மூச்சுக்குழாயை இழுத்து விரிக்க அவன் தானாகக் கண்டுபிடித்த வழி அது. முச்சக்கரவண்டியில் மடியில் நித்திரை கொள்ளும்போது முகவாய் நெஞ்சில் படியும்படி தலை முன்னால் சரிய விடாதீர்கள்.

உணவு சிக்கி இரும முடியாமல், சத்தமே வராமல் திணறினால் ஒரு வயது தாண்டிய பிள்ளை என்பதால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே ஐந்து தரம் உள்ளும் மேலுமாக அழுத்தம், இப்படி மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவ வேண்டாம். மற்றவர் அந்த நேரமே 1990க்கு (அம்புலன்ஸ்) அழைக்க வேண்டும். உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, விலா எலும்புகள் உள்ளிழுபடுவது, எச்சிலைக்கூட விழுங்காமல் வடியவிடுவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் கிளினிக் வரை காத்திருக்காதீர்கள்.

கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "நாடி வளையம் சந்தேகம், வலப்பக்கப் பெருநாடி" என்று வைத்தியரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காக மயக்கம் கொடுத்தாலும் அவர்கள் அதைப் பார்க்க வேண்டும். மூக்கு வழியாக உணவுக் குழாய் விடும் நிலை வந்தாலும் அதைச் சொல்லுங்கள். பின்னால் நாடி அழுத்த, உள்ளே குழாய் வாரக்கணக்கில் உரச, இரண்டுக்கும் இடையிலுள்ள சுவர் அரித்துப் பெரும் இரத்தப்பெருக்கு உண்டாவது அரிதானாலும் உயிராபத்தானது. தேவைக்குக் குறுகிய நாட்கள் விடுவதில் தவறில்லை, வசதிக்காக விட்டுவைக்கக் கூடாது.

சென்னை பற்றி: போகக் கூடாது என்று சொல்லமாட்டோம், ஆனால் அது முதல் படி அல்ல. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் குழந்தை இதய வைத்தியமும் சத்திரசிகிச்சையும் இருக்கின்றன, அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமும் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத் தூரம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடம் சளியும் சத்தமுமாக ஓடித்திரிய வேண்டிவரும்போது இந்தத் தூரம்தான் முக்கியம். சிடி வந்தபின் மூச்சுக்குழாயே பிறவியில் ஒடுங்கியிருப்பதாகத் தெரிந்தால், அல்லது இங்கே திகதி பல மாதம் தள்ளிப்போனால், அப்போது இரண்டாவது அபிப்பிராயம் எடுங்கள். அதற்கும் முதலில் படங்களை அனுப்பிக் கேட்கலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

பரசிட்டமோல் காரணமல்ல. மூன்றாம் மாதம் வரும்போது நாடி வளைவுகளின் அமைப்பு பெரும்பாலும் முடிந்துவிட்டிருக்கும். அந்தக் காய்ச்சலுக்கு நீங்கள் எடுத்தது சரியான மருந்து. மச்சான் மச்சாள் கல்யாணம் பிறவிக் கோளாறுகளின் பொதுவான ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் நாடி வளையத்துக்கு அதை நேரடிக் காரணமாகச் சொல்ல முடியாது. உண்மையில் தேட வேண்டியது 22ஆவது குரோமசோமில் ஒரு சிறு துண்டு குறைந்திருக்கிறதா என்பதை. வலப்பக்க வளைவும் இடம் மாறிய கிளையும் உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு அது இருக்கும். அண்ணத்தில் பிளவு, மூக்கால் பேசுவது, கல்சியம் குறைந்து வலிப்பு, அடிக்கடி தொற்று ஆகியவை அதன் மற்ற முகங்கள். உங்கள் மகனுக்கு வந்த நியூமோனியாக்களை முழுவதும் வளையத்தின் தலையில் கட்டுமுன் இதைப் பார்ப்பது நல்லது. சத்திரசிகிச்சைக்கு முன் பார்த்தால் இன்னும் நல்லது. கல்சியம் குறைவதும் நோயெதிர்ப்பு குறைவதும் மயக்கம் கொடுப்பவருக்கும் இரத்த வங்கிக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். இரத்தத்தில் கல்சியம் பார்ப்பது உடனே செய்யக்கூடியது, குரோமசோம் பரிசோதனைக்கு மரபணுக் கிளினிக்குக்கு அனுப்பும் கடிதம் கேளுங்கள். குறைபாடு இருந்தால் எம்எம்ஆர் போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகளின் அடுத்த டோஸுக்கு முன் நோயெதிர்ப்பையும் பார்ப்பார்கள்.

அடுத்த பிள்ளை பற்றியும் அந்த முடிவுதான் பதில் சொல்லும். குரோமசோம் துண்டு குறைபாடு பத்தில் ஒன்பது பேருக்குப் புதிதாக உண்டானது, பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. ஆனால் உங்கள் இருவரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆகவே மகனுக்கு இருப்பதாக வந்தால் நீங்கள் இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இல்லையென்று வந்தால் தயங்கத் தேவையில்லை. கர்ப்பம் தரித்ததும் மகனுடைய விபரத்தைச் சொல்லி, 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்று தனியாக எக்கோ கேளுங்கள். மூன்று நாடி நாளங்களும் மூச்சுக்குழாயும் ஒன்றாகத் தெரியும் குறுக்குவெட்டில், பெருநாடி மூச்சுக்குழாயின் எந்தப் பக்கத்தால் போகிறது என்பதை அப்போதே பார்த்துவிடலாம்.